ஸ்கேற்போர்ட் ஓட ஒரு துண்டுச் சீமெந்துத் தரை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் பிள்ளைகளை வீட்டுக்குள் முடக்கிப் போடுகிறது என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். எல்லா விளையாட்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது எனக்கு மனவருத்தம். என்னை வெளியே இழுத்து வந்ததே ஒரு வீடியோ கேம்தான்.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ-9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து சீடிக்கள் வந்திறங்கிய காலம். கொக்குவிலில் ஒரு கொம்பியூட்டர் கடையில் ரொனி ஹோக் புரோ ஸ்கேற்றர் என்ற வீடியோ கேமின் இரண்டாம் பாகம் இருந்தது. ஸ்கேற்போர்ட் என்கிற சில்லுப் பலகையில் ஏறி ஓடுகிற விளையாட்டு. ஒரு ஆட்டம் இரண்டு நிமிடம். அதற்குள் அந்தரத்தில் தொங்கும் ஐந்து எழுத்துகளையும் பொறுக்க வேண்டும். நேரம் முடிந்தால் கீபோர்டை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டும். கறன்ற் போனால் எல்லோரும் வீடு.

எங்களில் ஒருவரும் உண்மையான ஸ்கேற்போர்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் ஒல்லி (பலகையோடு துள்ளுவது), கிக்ஃபிளிப் (துள்ளும்போது பலகையைச் சுழற்றுவது), கிரைண்ட் (விளிம்பில் உரசி வழுக்குவது) எல்லாம் வாயில் புரண்டன. அந்த விளையாட்டில் பள்ளிக்கூடப் படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, வாங்கு என்று எதைப் பார்த்தாலும் பலகையோடு ஏறலாம், வழுக்கலாம். அப்புறம் எங்களுக்கும் அந்தக் கண் வந்துவிட்டது. பின்னேரம் குந்தியிருந்து கதைக்கிற மதகைப் பார்த்து, இதில் கிரைண்ட் பண்ணலாம் என்போம். கேணிப் படிகளை எண்ணுவோம். ஊரை அவ்வளவு உன்னிப்பாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த வீடியோ கேமுக்குப் பெயர் தந்த அமெரிக்க ஸ்கேற்போர்ட் வீரர் ரொனி ஹோக் 1999 ஜூனில், சான் பிரான்சிஸ்கோ எக்ஸ் கேம்ஸ் போட்டியில், அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று இறங்கினார். அதே ஆண்டு வீடியோ கேமின் முதல் பாகம் வந்தது. அதிலேயே எலிசா ஸ்டீமர் என்ற பெண்ணையும் தெரிவு செய்து ஆடலாம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேற்போர்டிங் முதல் தடவையாகச் சேர்ந்தபோது, பெண்கள் பிரிவில் ஒரு தங்கத்தை வென்ற மொமிஜி நிஷியாவுக்கு வயது 13. அந்தப் போட்டியை மகளோடு இருந்து பார்த்தேன். அவள் அன்றைக்கே பலகை கேட்டாள்.

வாங்கிக் கொடுத்தேன். ஓட இடம்தான் இல்லை. நகரத்தில் ஒரு பொது இடத்தின் வழுவழுப்பான தரையில் ஓடியபோது, பெட்டைப்பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு என்று காவலாளி துரத்திவிட்டார். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் வந்தாள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது விடிய ஐந்தரைக்கு எழும்பி, வாகனங்கள் வர முதல் எங்கள் ஒழுங்கையில் பழகுகிறாள். அங்கே பாதித் தார் கிளம்பிவிட்டது. சின்னச் சில்லு கல்லில் பட்டால் பலகை அங்கேயே நின்றுவிடும், பிள்ளை முன்னால் போய் விழும். இரண்டு முழங்காலும் உரஞ்சித்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒல்லி வந்துவிட்டது, பலகை நாலு விரற்கடை எழும்புகிறது.

உதைபந்தாட்டத்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் எங்களிடம் மைதானங்கள் இருக்கின்றன, சந்தோசம். நான் மாநகரசபையிடம் கேட்பது ஒரு கரப்பந்தாட்டத் திடல் அளவு இடம். வெடிப்பில்லாத சீமெந்துத் தரை, ஒரு சரிவு, நாலு படி, முழங்கால் உயரத்தில் ஓர் இரும்புக் குழாய். அவ்வளவும் போதும்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
கொக்குவில்.