துண்டைத் தேர்ந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வைரஸ் புரதத்தின் சிறு துண்டுகளைச் செயற்கையாகத் தயாரித்துத் தடுப்பூசி செய்வது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கிருமியை வளர்க்கத் தேவையில்லை என்ற அனுகூலம் பெரியதுதான். ஆனால் பொருத்தமான துண்டைக் கணினி தேர்ந்து கொடுத்துவிட்டால் வேலை ஏறக்குறைய முடிந்தது என்ற தொனியை என்னால் ஏற்க முடியவில்லை.

கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதமான ஆன்டிபாடி, வைரஸின் மேற்பரப்பை வடிவத்தால் அறிகிறது. புரதச் சங்கிலியில் தள்ளித் தள்ளி இருக்கும் அமினோ அமிலங்கள், சங்கிலி மடியும்போது அருகருகே வந்துதான் பெரும்பாலும் அந்த வடிவம் உண்டாகிறது. தனியே செய்த துண்டில் அந்த மடிப்பு இருப்பதில்லை. நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையான டி செல்லின் வழியே வேறு. தொற்றுக்குள்ளான செல் வைரஸ் புரதத்தை நறுக்கி, தன் மேற்பரப்பில் துண்டுகளை ஏந்திக் காட்டும் எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறின் பள்ளத்தில் பொருத்தி வெளியே காட்டுகிறது. தொற்றிய செல்லை அழிக்கும் கொல்லி டி செல் பார்ப்பது அந்தத் துண்டைத்தான். நீளம் பெரும்பாலும் 8 முதல் 10 அமினோ அமிலங்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோபுரதத்தின் செயற்கைத் துண்டுகளை வைத்து கொல்லி டி செல் துண்டைத்தான் பார்க்கிறது என்பதை அலைன் டவுன்செண்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1986இல் நிறுவினார்கள். ஆன்டிபாடிக்கு எட்டாத உட்புரதமும் டி செல்லுக்குத் தப்புவதில்லை! எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சிக்கல் எச்.எல்.ஏ.விலேயே இருக்கிறது. அது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவரிடம் உறுதியாகப் பொருந்தும் துண்டு இன்னொருவரிடம் ஒட்டவே ஒட்டாது. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

கால்நடைகளின் கோமாரி நோயில் கிடைத்த பாடத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த வைரஸின் வி.பி.1 புரதத்தில் வெளியே துருத்தி நிற்கும் பகுதியின் செயற்கைத் துண்டு, 1982இல் கினிப்பன்றிகளைக் காப்பாற்றியது. பின்னர் ஏராளமான மாடுகளில் சோதித்தபோது பல மாடுகளுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. போதாததற்கு, அந்தப் பகுதி மாறிப்போன வைரஸ்களும் தலைகாட்டின.

இதற்காக முயற்சியைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே துண்டை நம்பாமல், வெவ்வேறு எச்.எல்.ஏ. வகைகளுக்குப் பொருந்தும் பல துண்டுகளையும், மற்ற எதிர்ப்பு செல்களுக்குத் துணைநிற்கும் உதவி டி செல்களைத் தூண்டும் துண்டுகளையும் சேர்த்து, எதிர்ப்பைக் கூட்டும் தக்க துணைப்பொருளோடு கொடுக்கும் வழியில் ஆய்வுகள் நடக்கின்றன. கணினியின் கணிப்பைவிட, அந்தத் துண்டுகள் பலதரப்பட்ட மக்களிடம் எப்படிச் சோதிக்கப்படுகின்றன என்பதையே அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி