டர்போ காரின் கம்ப்யூட்டரைக் குறை சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் ஒரு தந்தை எழுதியிருந்ததைப் படித்தேன். மகன் டர்போ காரில் (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி உள்ள கார்) இருந்த எஞ்சின் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றைப் போட்டானாம், இரண்டே மாதத்தில் எஞ்சின் போய்விட்டதாம், அதனால் இந்த மாதிரி கம்ப்யூட்டர்களை விற்கவே தடை போட வேண்டும் என்கிறார். அவர் வேதனை எனக்குப் புரிகிறது. நானும் அதைப் பட்டவன்தான். ஆனால் அவர் குற்றம் சாட்டும் பொருள் குற்றவாளி இல்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் வீடு பட்டர்வொர்த், பாகான் டாலாம். வேலை பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், 22 ஆண்டுகளாக டெஸ்ட் டெக்னீஷியன். தினமும் பினாங்குப் பாலத்தைக் கடந்து போய் வருகிறேன். என்னிடம் இருப்பது ஒரு பழைய புரோட்டோன் சத்ரியா. அதில் 4ஜி93 டர்போ எஞ்சினை ஹாஃப்கட்டாக (பழைய காரின் வெட்டிய முன்பாதியாக) வாங்கி ஏற்றியிருக்கிறேன், மிட்சுபிஷி லான்சர் ஜிஎஸ்ஆரில் வந்த அதே எஞ்சின். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வாங்கி, புஸ்பாகோம் வாகனச் சோதனைக்குப் போய், கெரானில் (கார் உரிமைப் பத்திரத்தில்) எஞ்சின் எண் மாற்றிய கார் அது. அதைச் செய்யாமல் ஓட்டுகிற தம்பிகள் முதலில் அதைச் செய்யுங்கள், விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரன் கேட்கிற முதல் கேள்வியே அதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த எஞ்சினோடு வந்த மிட்சுபிஷி கம்ப்யூட்டர், காற்று வடிகட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மீட்டர் மூலமாக எஞ்சினுக்குள் போகும் காற்றை நேரடியாக அளந்துவிடும். கார்மன் வகை மீட்டர் என்பார்கள். காற்று ஒரு சின்னத் தடுப்பைத் தாண்டும்போது உண்டாகும் சுழல்களை எண்ணி, இவ்வளவு காற்று போகிறது என்று சொல்லும். நாம் ஹால்டெக், லிங்க், இசியுமாஸ்டர் என்று எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும், இந்த எஞ்சினில் பெரும்பாலும் அந்த மீட்டரைக் கழற்றிவிடுகிறோம். அதற்குப் பிறகு உள்ளே போகும் காற்றை யாரும் நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாயில்) எவ்வளவு அழுத்தம், காற்று எவ்வளவு சூடு, எஞ்சின் என்ன சுற்றில் ஓடுகிறது என்று பார்த்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொள்கிறது. மேப் சென்சார் அழுத்தத்தைச் சொல்லும், காற்று வெப்ப சென்சார் சூட்டைச் சொல்லும். இந்த இரண்டில் ஒன்று பொய் சொன்னாலும் கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை அப்படியே நம்பி எண்ணெய் (பெட்ரோல்) ஊற்றும், தீப்பொறி வைக்கும். அதற்கு வேறு வழி கிடையாது.

என் முதல் எஞ்சின் அப்படித்தான் போனது. ஒரு பட்டறையில் இரண்டே நாளில் எல்லாம் மாட்டி, இரவு பத்து மணிக்கு மேல் ஆள் இல்லாத சாலையில் ஓட்டி டியூன் பண்ணி, அதாவது கம்ப்யூட்டரில் எண்ணெய், தீப்பொறி எண்களைத் திருத்திக் கொடுத்தார்கள். ரோன் 97 பெட்ரோல் ஊற்றித்தான் டியூன் செய்தார்கள், நானும் பல நாள் அதையேதான் ஊற்றினேன், அப்புறம் காசைப் பார்த்து 95-க்கு மாறினேன். கார் பறந்தது, அதை மறுக்கவில்லை. மூன்றாவது வாரம், காலை ஷிஃப்ட் முடிந்து மூன்றரை மணி வெயிலில் கெலுகோர் பக்கம் நெரிசலில் 40 நிமிடம் நின்றுவிட்டுப் பாலத்தில் ஏறினேன். நடுப்பாலத்துக்கு அப்புறம் வழி விட்டது. மூன்றாம் கியரில் ஒரு மிதி மிதித்தேன். தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டு உருட்டின மாதிரி ஒரு சத்தம், இரண்டு விநாடி இருக்கும், அப்புறம் பின்னால் வெள்ளைப் புகை. பிறைப் பக்கம் இறங்குவதற்குள் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

பிரித்துப் பார்த்தபோது மூன்றாவது பிஸ்டனில் இரண்டு ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஓரம் நகக்கண் அளவுக்கு உடைந்து கிடந்தது. நாக்கிங் அடித்தால் இப்படித்தான் உடையும் என்று பழைய போர்மன் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார். தீப்பொறி பட்ட பிறகு, எரிந்துகொண்டு வரும் தீ போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, மீதி இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். அந்த அடியைப் பிஸ்டன் தாங்காது.

ஏன் நாக்கிங் வந்தது என்று நானும் என் அக்காள் மகனும் காரைச் சுற்றிப் பார்த்தோம். காற்று வெப்ப சென்சாரை எங்கே மாட்டியிருந்தார்கள் தெரியுமா? டர்போவுக்கு முன்னால், வடிகட்டிக் குழாயில்! டர்போ காற்றை 0.9 பார் அழுத்தத்துக்கு அமுக்கும்போது அதிலிருந்து வெளியே வரும் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் அதைக் கொஞ்சம் ஆற்றும், ஆனால் 40 நிமிடம் நெரிசலில் நின்ற காரில் இன்டர்கூலரே சூடேறிக் கிடக்கும். எஞ்சின் உண்மையில் மூச்சு வாங்குவது அந்தக் கொதிக்கும் காற்றை. கம்ப்யூட்டருக்கோ வடிகட்டிப் பக்கத்துக் காற்றுதான் தெரியும். சூடு ஏறினால் தீப்பொறியைப் பின்தள்ள (தாமதமாக வைக்க) வேண்டும் என்று மேப்பில் (கம்ப்யூட்டர் பார்த்து நடக்கும் எண்களின் கோப்பு, மேப் சென்சார் வேறு) அட்டவணை இருக்கிறது. இருந்து என்ன, சூடு ஏறிய செய்தியே அதற்குப் போய்ச் சேரவில்லை. அதோடு நாக்கிங் சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் நாக் சென்சாரின் ஒயரை வெட்டிக் கறுப்பு டேப் சுற்றி பேட்டரிக்குக் கீழே சொருகி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களைப் பழிவாங்குவதற்காக நான் எழுதவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அதே கம்ப்யூட்டர்தான் இன்று வரை என் காரில் இருக்கிறது.

இரண்டாவது முறை நாங்களே உட்கார்ந்து நான்கு வார இறுதிகளில் ஒயரிங் செய்தோம். காற்று வெப்ப சென்சாரை இன்டர்கூலர் தாண்டி, த்ராட்டிலுக்கு (மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவுக்கு) முன்னால் அலுமினியக் குழாயில் வைத்தோம். நுனி திறந்த வகைதான் டர்போவுக்குச் சரி, பித்தளைக் கூட்டுக்குள் மூடிய வகை சூட்டைத் தாமதமாகத்தான் சொல்லும். மேப் சென்சாருக்கு மேனிஃபோல்டிலிருந்து தனியாக ஒரு குழாய், டர்போ அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மீட்டரோடோ அதைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட்டோடோ பங்கு போடாமல். எஞ்சின் எந்தக் கலவையில் எரிகிறது என்று புகையைப் பார்த்துச் சொல்லும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் போஷின் எல்எஸ்யு 4.9, டர்போவிலிருந்து இரண்டரை அடி தள்ளி டவுன்பைப்பில் (புகைக் குழாயில்), படுக்கையாக இல்லாமல் குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கிச் சாய்த்து வைத்தோம். இல்லையென்றால் குழாயில் சேரும் தண்ணீர் சென்சாருக்குள் நின்று, ஹீட்டர் சூடேறும்போது உள்ளே இருக்கும் பீங்கான் வெடித்துவிடும். காரோடு வந்த பழைய ஆக்சிஜன் சென்சார், ஒரு பங்கு எண்ணெய்க்கு எத்தனை பங்கு காற்று என்ற எடைக் கணக்கில், 14.7-க்கு மேலா கீழா என்று மட்டும்தான் சொல்லும். பூஸ்டில் நமக்குத் தேவை 11.5, 12 என்ற பகுதி. அது பழைய சென்சாருக்குத் தெரியாது.

நாக் சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஆட்கள் அதிகம் அலட்சியம் செய்வது அதைத்தான். வட்டமாக நடுவில் ஓட்டை உள்ள போஷ் வகை, எஞ்சின் பிளாக்கில் வெறும் உலோகத்தின் மேல் உட்கார வேண்டும். பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும், நடுவில் வாஷர் போடக் கூடாது, 20 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முடுக்க வேண்டும். கைக்கு வந்தபடி முடுக்கினால் அது கேட்கிற சத்தமே மாறிப்போகும். எந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பதையும் கம்ப்யூட்டருக்கு நாம்தான் சொல்ல வேண்டும். இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர், அதற்கு நாக்கிங் ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்ஸில் கேட்கும். விட்டம் பெரிதானால் அந்த எண் இறங்கும். வேறு காரின் மேப்பை அப்படியே ஏற்றுகிறவர்கள் இதை மாற்றுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் நாங்களும் ஒரு தவறு செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை எஞ்சினைக் கிளப்பி, போர்ட்டிக்கோவில் ஐடிலில் விட்டு லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரேடியேட்டர் விசிறி சுற்ற ஆரம்பித்த அதே நொடியில் காற்று வெப்பம் ஏழு டிகிரி இறங்கியது. விசிறி நின்றதும் பழையபடி ஏறியது. மருமகன் சொன்னான், “மாமா, விசிறி காத்து அடிக்குது, அதான் குறையுது.” காற்று அடித்தால் மெல்ல மெல்ல இறங்கும், நொடியில் இறங்காது. மல்டிமீட்டரை எடுத்து சென்சாரின் கிரவுண்டுக்கும் கம்ப்யூட்டரின் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்தேன். விசிறி சுற்றும்போது 0.3 வோல்ட் காட்டியது. சென்சார் கிரவுண்டை விசிறி கிரவுண்டு போகும் அதே போல்ட்டில் பாடியில் முடுக்கியிருந்தோம். விசிறி இழுக்கும் கரண்ட் அந்த வழியில் ஓடும்போது சென்சாரின் சிக்னலும் சேர்ந்து உயர்கிறது, கம்ப்யூட்டர் அதைக் குளிர்ந்த காற்று என்று படிக்கிறது. சென்சார் கிரவுண்டு எல்லாவற்றையும் தனியாகப் பிரித்து கம்ப்யூட்டரில் சென்சார் கிரவுண்டுக்கென்றே இருக்கும் முனைக்குக் கொண்டுபோனோம். அப்புறம் விசிறி எத்தனை முறை சுற்றினாலும் அந்த எண் அசையவில்லை. தொழிற்சாலையில் ஒரு பலகையைச் சோதிக்கும்போது நான் தினமும் பார்க்கிற முதல் விஷயமே கிரவுண்டுதான். காருக்கு வந்ததும் அதை மறந்தேன் என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இப்போது பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்ப்யூட்டரோடு நிறுவனம் தரும் அடிப்படை மேப் எஞ்சினைக் கிளப்பிப் பார்ப்பதற்கு மட்டும்தான், அதில் கொஞ்சம் எண்களைத் திருத்திவிட்டு டியூன் முடிந்தது என்று காரை அனுப்பாதீர்கள். டியூன் செய்த அன்று எடுத்த லாக் (சென்சார் எண்களின் பதிவு), ஒயரிங் படம், மேப் கோப்பு மூன்றையும் வாடிக்கையாளரிடம் கொடுங்கள். சிலர் மேப்புக்குப் பாஸ்வர்ட் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். உங்கள் உழைப்பை வேறு யாரும் திருடக் கூடாது என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான், ஆனால் 7,000, 8,000 வெள்ளி கொடுத்தவன் தன் காரின் காற்று வெப்பத்தைக்கூடப் பார்க்க முடியாமல் நிற்பது எந்த ஊர் நியாயம்? எண்களைப் பார்க்கவாவது வழி விடுங்கள். இரவில் டியூன் செய்தால் மறுநாள் மத்தியான வெயிலிலும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் எந்த எண்ணெய் ஊற்றப் போகிறார் என்று கேட்டு, அதை ஊற்றியே டியூன் செய்யுங்கள்.

தம்பிகளுக்கும் ஒன்று. ப்ளோ ஆஃப் சத்தத்துக்கும் ரிம்முக்கும் காசு செலவழிப்பதற்கு முன்னால், 500, 600 வெள்ளியை ஒரு நல்ல வைட்பேண்டுக்கு ஒதுக்கி அதைக் காரிலேயே நிரந்தரமாக வையுங்கள். டியூனர் தன்னுடையதை மாட்டி வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போனால், அடுத்த நாளிலிருந்து உங்கள் எஞ்சின் என்ன கலவையில் எரிகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆசிரியர் அவர்களே, உங்கள் வாகனப் பகுதியில் புதுக் கார்களின் விலையும் படமும் வாரா வாரம் வருகிறது. அதோடு இப்படி கையில் எண்ணெய் படும் விஷயங்களையும் தமிழில் போடுங்கள். இந்தத் தொழிலில் நம் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பிறையிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் போய்ப் பாருங்கள், ஒயரிங்கில் நல்ல கை. கையேடு முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் படிக்காமல் விட்டு, பக்கத்துப் பட்டறையில் பார்த்ததைச் செய்கிறார்கள். கேட்டால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம்.

அந்தத் தந்தைக்கு, எஞ்சினைத் திரும்பக் கட்டும்போது கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டி முடித்து ஓர் இரவு காரை நிறுத்தி வைத்துவிட்டு, காலையில் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி லேப்டாப்பைப் பார்க்கச் சொல்லுங்கள் மகனிடம். காற்று வெப்பமும் எஞ்சின் தண்ணீர் வெப்பமும் வெளியே இருக்கும் சூட்டோடு ஒத்துப்போக வேண்டும், நம் ஊரில் விடியற்காலையில் 25-லிருந்து 28-க்குள் இருக்கும். மேப் சென்சார் 101 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்ட வேண்டும், கடலோரத்தில் இருக்கிறோம் அல்லவா, கெந்திங் மலைமேல் என்றால் 82-ஐ ஒட்டிக் காட்டும். அப்புறம் கிளப்பி, விசிறி சுற்றும் வரை பொறுத்திருந்து, அந்த நொடியில் எந்த எண்ணாவது குதிக்கிறதா என்று பார்க்கட்டும். குதித்தால் காரை ஓட்ட வேண்டாம், பாகான் டாலாமுக்கு ஒரு லாரியில் ஏற்றி அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் மருமகனும் வீட்டில்தான் இருப்போம். என் முகவரியை உங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பாகான் டாலாம் வாசகர்,
பட்டர்வொர்த்