மறைந்த நம் தோழர்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள்

நண்பர்களே, அமராவதிநகர் சைனிக் பள்ளியில் நம்மோடு படித்து, இன்று நம்மோடு இல்லாதவர்களைப் பற்றி ஒரு தொகுப்பு தயார் செய்கிறோம். 1962-ல் பள்ளியை ஆரம்பித்ததே தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பையன்களை அனுப்பத்தான், அதனால் போரில் உயிர் கொடுத்தவர்களின் பெயர் எப்படியும் கல்லில் நிற்கும், அந்த அகாடமி இருக்கும் கடக்வாஸ்லாவில் அதற்கென்றே ஒரு நினைவுக் குடில் இருக்கிறது. ஆனால் சீருடை போடாமல் ஊரில் தோட்டம் பார்த்தவன், வங்கியில் வேலை செய்தவன், நாற்பது வயதில் மாரடைப்பில் போனவன், இவர்களை யார் எழுதுவது? நாம்தான்.

தேதியும் பதவியும் மட்டும் போதாது. போன மாதம் நம் செட் பையன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மூலையில் அவன் விடுதிக்குக் கொண்டுவந்த அதே டிரங்குப் பெட்டி, மூடியில் வெள்ளை பெயிண்டில் கோணல்மாணலாக அவன் ரோல் நம்பர், உள்ளே அரிசி. "அவன் கையால எழுதினதுப்பா, அதான் மறுபடி பெயிண்ட் அடிக்க விடல" என்றார் அம்மா. எனக்குப் பேச்சே வரவில்லை. இந்த மாதிரி விஷயங்கள்தான் வேண்டும்.

அப்புறம், வீட்டாரிடம் கேட்காமல் படமோ, இறந்த காரணமோ குழுவில் போடாதீர்கள். எழுத வராதவர்கள் குரல் பதிவாக அனுப்புங்கள், நான் தட்டச்சு செய்துகொள்கிறேன். நமக்குப் பாடம் எடுத்து மறைந்த ஆசிரியர்கள், மெஸ்ஸில் சோறு போட்ட அண்ணன்மார் பற்றியும் அனுப்பலாம். ரோல் நம்பர், ஹவுஸ், சேர்ந்த வருடம் மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். ஞாயிறு இரவு வரை காத்திருக்கிறேன்.