அகராதியின் இரண்டாம் தொகுதி

அன்பு மகள் கயலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று மாதமும் பதினொரு நாளும் ஆகின்றன. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை; நாளை எண்ணுவது என் பழக்கம் என்பது உனக்குத் தெரியும். எழுத எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இரவு பேரகராதியின் இரண்டாம் தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தின் மேல் ஒரு போலித்தேள் நடந்து வந்தது. ‘தேள்’ என்ற சொல் இருக்கும் பக்கத்தில் வந்தது என்று எழுதினால் கடிதம் அழகாக இருக்கும். ஆனால் அது வந்தது ‘நொ’ வரிசையில்.

உன் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். தட்டையான துளி போன்ற உடல். வால் இல்லை, கொடுக்கும் இல்லை. முன்னே நீட்டியிருந்த இரண்டு இடுக்கிகள் மட்டும் உடலின் நீளத்துக்கு இருந்தன. இடுக்கிகளில் மெல்லிய நீண்ட மயிர்கள் நின்றன. காற்றின் அசைவை அவற்றால்தான் உணர்கிறது என்று நீ சொன்னது நினைவுக்கு வர, மெல்ல ஊதினேன், உடனே நின்றுவிட்டது. தாளின் ஓரத்தால் தொட்டதும், வந்த வேகத்துக்குக் குறையாமல் பின்னோக்கியே ஓடி, முதுகட்டையின் பிளவுக்குள் மறைந்தது. அதன் தலையில் இடமும் வலமும் பக்கத்துக்கு ஒரு கண் இருந்ததாக எனக்குத் தோன்றியது. பக்கத்துக்கு இரண்டு கண் உள்ளவையும் கண்ணே இல்லாதவையும் உண்டு என்பாயே, அதனால்தான் குறிப்பிடுகிறேன். புத்தகங்களிடையே வாழும் கெலிஃபர் கான்கிராய்டஸ்தானா என்பதை நீ சொன்னால்தான் உறுதி. 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக்கும் இப்படித்தான், தாம் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் மேல் ஊர்ந்த ஒன்றைக் கண்ணாடியில் பார்த்து, நண்டு போன்றது என்று எழுதிவைத்தாராம். அவருக்கு அதன் பெயரைச் சொல்ல மகள் இல்லை.

மறுநாள் வீட்டுக்கு வந்த ஒருவர், மருந்து அடித்துவிடுங்கள் என்றார். அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். இதன் நஞ்சு இடுக்கியின் விரல்களில் இருக்கிறது, அது புத்தகப் பேனையும் நுண்ணிய உண்ணிகளையும் அடக்கத்தான் போதும், மனிதருக்கு எந்தத் தீங்கும் இல்லை, இரைக்குள் செரிமானச் சாற்றைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கிறது, ஆகவே நம் புத்தகங்களுக்கு இது காவல் என்றெல்லாம் நீ சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எனக்கே பெருமையாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “உங்கள் மகள் இன்னும் இதைத்தான் ஆராய்ந்துகொண்டிருக்கிறாளா?” என்றார். ஆமாம் என்றேன். ஆமாம்தானே?

அன்றிரவு உன் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் படித்தேன். முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்தின் மூலையிலும் ஒரு படம் இருக்கும். போலித்தேள்களில் மட்டும் ஏறத்தாழ 4,000 இனங்கள் இருக்கின்றன என்றும், மரப்பட்டைக்கு அடியிலும் உதிர்ந்த இலைகளிலும் பறவைக் கூடுகளிலும் கடற்கரைக் கற்களின் கீழும் குகைகளிலும் அவை வாழ்கின்றன என்றும், குகையில் வாழ்பவற்றில் பல கண்ணை இழந்து, கால்களும் இடுக்கிகளும் நீண்டு மெலிந்திருக்கின்றன என்றும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் படம் வரைந்திருந்தாய். நியூயார்க் மாநிலத்தில் கில்போவாவை அடுத்துக் கிடைத்த, சுமார் 38 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவத்திலும் இதே உருவம்தான் என்பதை அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் பெரிய வண்டு ஒன்றின் இறக்கை மூடிக்குக் கீழே ஏறிக்கொண்டு, பட்டுப்போன ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போகும் இனத்தைப் பற்றிய கடிதம் ஏழு பக்கம். கடைசிக் கடிதமோ நான்கு வரி. அதில் படமும் இல்லை, போலித்தேளும் இல்லை. ஆய்வேட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. இரவில் நுண்ணோக்கிமேல் குனிந்தே இருக்காதே, நேரத்துக்குத் தூங்கு, குகைக்குத் தனியாகப் போகாதே என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பிரேசிலில் மரப்பட்டைக்கு அடியில் கூட்டமாக வாழ்ந்து, தங்களைவிடப் பலமடங்கு பெரிய இரையைச் சேர்ந்து பிடிக்கும் இனத்தைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தாய் அல்லவா? உணவு கிடைக்காத நாளில் தாய் கூட்டைவிட்டு வெளியே வந்து அசையாமல் நிற்க, குஞ்சுகள் அவளையே தின்னும் என்ற பகுதியை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வேலையை நிறுத்தாமலே, “இதில் என்ன அதிசயம்?” என்றாள். அப்பன்மார் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதை நீ எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

கயல், நீலப் பெட்டியைக் கொட்டியது உன் தம்பி அல்லன். நான்தான். உன் இறுதித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தன. குப்பை என்று நினைத்துக் கொட்டினேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை, ஏனென்றால் திறந்து பார்த்தேன். மரப்பட்டையின் உட்புறத்தில் குன்றிமணியைவிடச் சிறிய வெள்ளைப் பட்டு அறை ஒன்று, மேலே மரத்துகள்கள் ஒட்டி, முழுவதும் மூடியிருந்தது. நகத்தால் அதன் ஓரத்தைக் கிழித்தேன். உள்ளே அந்தப் பெண் போலித்தேள், வயிற்றின் கீழ் முட்டைப்பையோடு இருந்தது. பைக்குள் வளரும் கருக்களுக்குத் தன் உடலிலிருந்தே சத்தை ஊட்டும், அது முடியும்வரை அறையைத் தொடக்கூடாது என்று நீ வீடு முழுவதும் சொல்லி வைத்திருந்தாய். தெரிந்தே கொட்டினேன். நீ அழுதபோது, தானில்லை என்று சொல்லச் சொல்ல அவனைத்தான் அதட்டினேன். இத்தனை ஆண்டுகளில் அவன் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. நீ இந்தப் பூச்சிகளை விட்டுவிட வேண்டும் என்று அன்று விரும்பினேன். (பூச்சி இல்லை, எட்டுக்காலி, தெரியும்.) இன்று நீ விட்டுவிட்டாயோ என்று இரவில் விழித்துக்கொள்கிறேன். விட்டிருந்தாலும் எழுது. தம்பியிடம் நானே பேசுகிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

இன்று காலை முதுகட்டையின் பிளவில் வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தேன். தாடையிலிருந்து நூல் விட்டுப் பின்னியதுதான் என்று நினைக்கிறேன். மூன்று இளம்பருவங்களைக் கடந்து முதிர்வதற்குள் ஒவ்வொரு முறையும் இப்படி அடைத்துக்கொண்டுதான் தோலுரிக்கும் என்பாய். இது தோலுரிக்கும் அறையா, முட்டைக்கான அறையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அந்த அலமாரியில் தூசி தட்ட யாரையும் விடவில்லை. இரண்டாம் தொகுதியில் பார்க்க வேண்டிய சொற்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினான்கு சேர்ந்திருக்கின்றன. இன்னும் எத்தனை நாள் அதைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதை எழுது. தூங்கு. குகைக்குத் தனியாகப் போகாதே.

உன்
அப்பா