மலர்ப் படிவத்தில் விட்டுப்போன கட்டம்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் நம் பழைய மாணவர் மலருக்கான படிவமும் வந்தன. பெயர், கடைசியாக வகித்த பதவி, வாங்கிய விருது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள். இவ்வளவுதான் கேட்டிருக்கிறாய். நிரப்பிக் கொடுத்தால் பென்ஷன் ஆர்டர் மாதிரி இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு நம் ஆட்கள் செய்ததற்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லை.

நம் பேங்க் கேஷியரையே எடுத்துக்கொள். ‘கல்வெட்டு ஆர்வலர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. சோழ மன்னன் மூன்றாம் ராஜராஜனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்ததைச் சொல்லும் திருவந்திபுரம் கல்வெட்டெல்லாம் எப்போதோ அச்சேறிவிட்டது. அவன் போவது பேர் தெரியாத ஊர்க் கோயில்களுக்கு, திருப்பணி தொடங்கி கல்லைச் சுரண்டும் மணல்வீச்சு மிஷின் வந்து இறங்குவதற்குள்.

மைப்படி எடுப்பது, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றி எடுப்பது, பொறுமைக்காரன் வேலை. முதலில் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி. கல்லில் ஏறிய சுண்ணாம்பையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தண்ணீர் விட்டு நார் பிரஷ்ஷால் தேய்க்கணும். கம்பி பிரஷ் கூடாது, ஆசிட் கூடவே கூடாது. மேப்லித்தோ என்ற அச்சுத் தாளை நனைத்துக் கல்லில் ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றை விரட்டி, பிரஷ்ஷால் தட்டத் தட்டத் தாள் எழுத்துப் பள்ளத்தில் இறங்கும். அப்புறம் சும்மா உட்காரணும். தாளின் ஈரப் பளபளப்பு போன பிறகுதான் மை. துணிப் பந்தில் மையைத் தொட்டு, வேறு தாளில் ஒருமுறை ஒற்றிவிட்டு, லேசாகத் தட்டினால் மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக நிற்கும். அவசரப்பட்டு ஈரத்தில் வைத்தால் மை ஊறி எழுத்தை மூடிவிடும். ரொம்பக் காயவிட்டாலோ தாள் கல்லைவிட்டு எழும்பி, எழுத்து இரட்டையாக விழும். நம் ஊரில் முற்பகலுக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும் என்பதால் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுகிறான். ஒரு தாளின் ஓரத்தில் அடுத்த தாள் இரண்டு விரற்கடை ஏறணும். எந்தச் சுவர், எத்தனையாவது வரி என்பதைத் தாளின் பின்பக்கம் அங்கேயே எழுதணும். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் பத்துத் தாளும் ஒன்றுபோல்தான் தெரியும்.

படிப்பது தனி வித்தை. புள்ளி பெரும்பாலும் இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி. காசோலைக் கையெழுத்தை முப்பது வருஷம் உற்றுப் பார்த்த கண் அல்லவா, அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

பண்ருட்டிப் பக்கத்து ஹெட்மாஸ்டரை ‘விவசாயி’ என்று போட்டிருக்கிறாய். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் சாய்த்த முந்திரித் தோப்பில் அவர் நட்டது விதைக்கன்று அல்ல, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 ரக ஒட்டுக்கன்று, அதுவும் சொந்தமாகக் கட்டியது. ஒட்டுக்குச்சியைத் தாய்மரத்திலேயே இலைப்பரப்பை மட்டும் கிள்ளிவிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து, மொட்டு பருத்ததும் வெட்டுகிறார். ஒன்றரை இரண்டு மாத நாற்றின் தலையைச் சீவி, நடுவில் 4 செ.மீ. பிளந்து, ஆப்பு மாதிரி செதுக்கிய குச்சியை இறக்கி, பாலித்தீன் நாடா சுற்றி, மேலே ஐஸ் குச்சி உறை மாதிரியான பிளாஸ்டிக் குழாயை மாட்டிவிடுகிறார். குச்சியும் நாற்றும் ஒரே பருமன் இல்லையென்றால் பட்டை பட்டையோடு சேராது. கத்தி மழுங்கினால் வெட்டு நசுங்கிக் கருகும். நட்ட பிறகு பலர் கோட்டைவிடுவது இரண்டு: நாடாவை அவிழ்க்க மறந்து தண்டு நெரிபடுவது, ஒட்டுக்குக் கீழே தளிர்ப்பதைக் கிள்ளாமல் விடுவது. கீழ்த்தளிர் ஓங்கினால் நீ வளர்ப்பது பழைய நாட்டு மரத்தைத்தான். மரத்துக்கு மரம் 7 மீட்டர் விட்டிருக்கிறார். நெருக்கி நட்டுக் கன்றுக் கணக்கு காட்டும் ஆசை அவருக்கு இல்லை.

புதுச்சேரி அம்மணி ஓய்வுக்குப் பிறகு வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தைக் கற்று, வீட்டுப் பரண் ஓலைச்சுவடிகளைச் சீர்செய்து தருகிறார். அந்த ஊருக்கு அது பொருத்தம்தான்; பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துச் சைவச் சுவடிகள் 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. மென்தூரிகையால் தூசி தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் ஓலை வளையும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் துளையிலிருந்து கிழியத் தொடங்கும். கயிற்றை அவிழ்க்கும் முன் ஓலைகளின் எண் வரிசையைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்.

ஆக, படிவத்தைத் திருத்தி, ‘இப்போது என்ன செய்கிறீர்கள், எப்படிச் செய்கிறீர்கள், எங்கே கெட்டுப்போகும்’ என்று கேள். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கு, கேஷியருக்கு மட்டும் இரண்டு. அவனுடைய மைப்படி ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அதைச் சின்னதாக்கிப் போட்டுவிடாதே, எழுத்து தெரியாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்