அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடு

அன்பு மகளுக்கு,

போன வாரம் பேசும்போது, "படிக்கவே முடியலம்மா, பத்துப் பக்கம் தாண்ட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாய். அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிவிட்டது. அது எனக்கு மனசில் தங்கிவிட்டது. போனில் விளக்க ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஏதாவது வேலை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பெரிய மனிதர்களுக்கும் நடந்திருக்கிறது. சார்லஸ் டார்வின் 1876இல், 67 வயதில், தன் பிள்ளைகள் படிக்கட்டும் என்று தன் வாழ்க்கையை எழுதி வைத்தார். முப்பது வயதுவரை, அதற்குப் பிறகும் சில காலம், கவிதை தனக்கு அவ்வளவு இன்பம் தந்தது என்று அதில் சொல்கிறார். பள்ளிக்கூடப் பையனாக ஷேக்ஸ்பியரில் மூழ்கிக் கிடந்தவர். பிறகு பல வருடங்களாக ஒரு வரி கவிதையைக்கூடத் தாங்க முடியவில்லையாம். ஷேக்ஸ்பியரைத் திரும்ப எடுத்தால் குமட்டும் அளவுக்குச் சலிப்பு. தகவல்களைக் குவித்துப் போட்டு அதிலிருந்து விதிகளை அரைத்தெடுக்கும் இயந்திரம்போல மனம் ஆகிவிட்டது என்று அவரே காரணத்தையும் ஊகிக்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கொஞ்சம் கவிதை படிப்பேன், கொஞ்சம் இசை கேட்பேன் என்று எழுதியிருக்கிறார்.

அந்த இயந்திரம் என்ற சொல்லைப் படித்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ படிக்காமலா இருக்கிறாய்? காலையிலிருந்து ராத்திரிவரை மின்னஞ்சல், அறிக்கை, குழுவில் வரும் செய்தி என்று படித்துக்கொண்டேதான் இருக்கிறாய். ஆனால் எல்லாமே எதையோ கண்டுபிடிப்பதற்காகப் படிப்பது. "நமக்கு வேண்டியது எங்கே இருக்கிறது" என்று கண் ஓடும். கிடைத்ததும் அடுத்ததற்குத் தாவும். நாள் முழுக்க அப்படி ஓடிய கண்ணை ராத்திரி ஒரு நாவலுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தால் அது எப்படி உட்காரும்? அங்கேயும் தேடும். தேடுவதற்கு ஒன்றும் இல்லாததால் சலித்துப்போகும்.

மேரியான் வுல்ஃப் என்று ஒரு ஆய்வாளர். படிக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர். இளவயதில் தான் நேசித்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல் ஒன்றைப் பல வருடம் கழித்து எடுத்தபோது, அவராலேயே அதற்குள் போக முடியவில்லை. திரையில் மேய்ந்து மேய்ந்து அந்த வேகம் புத்தகத்துக்கும் வந்துவிட்டது என்று கண்டுகொண்டார். பிறகு தினமும் 20 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொண்டு படித்திருக்கிறார். இரண்டு வாரத்தில் பழைய நிதானம் திரும்பியது. 2018இல் வந்த தன் புத்தகத்தில் இதை எழுதியிருக்கிறார். அவர் அடிக்கடி சொல்லும் விஷயம் ஒன்று உண்டு: பேச்சைப்போல வாசிப்பு பிறவியிலேயே வருவதில்லை, ஒவ்வொரு மூளையும் புதிதாகப் பழகிக்கொள்வதுதான். எனக்கு இது பெரிய ஆறுதல். பழகியது விட்டுப்போனால் திரும்பவும் பழகிக்கொள்ளலாம் அல்லவா?

எனக்கும் விட்டுப்போயிருந்தது, உனக்குத் தெரியாது. நீ மேல்படிப்புக்குப் போன பிறகு. வருடக்கணக்காக விடைத்தாள் திருத்திய கண் எனக்கு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் எழுத்துப்பிழைதான் தெரியும். ஒற்று விட்டுப்போயிருந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். நல்ல கதை என்று எல்லோரும் கொண்டாடுவதைப் படித்தாலும் உள்ளுக்குள் மதிப்பெண் ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் படிப்பதையே விட்டுவிட்டேன்.

திரும்பி வந்தது எப்படி என்று கேட்டால் சொல்வதற்குப் பெரிய கதை இல்லை. அலமாரியைக் காலி செய்தபோது அடித்தட்டில் ஒரு கிழிந்த நாவல் கிடைத்தது. அட்டை இல்லை, தலைப்பு இல்லை, யார் எழுதியது என்றும் இல்லை. 17ஆம் பக்கத்தில், அதுவும் ஒரு வாக்கியத்தின் நடுவில் ஆரம்பித்தது. யாரோ ஒருத்தி மழையில் நனைந்துகொண்டு ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, ஆனால் யாரும் திறக்கவில்லை. பழைய பேப்பரோடு போட எடுத்தவள், ஏன் திறக்கவில்லை என்று தெரிந்துகொள்ள அந்தத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பெரிய எழுத்தாளரா, படிக்க வேண்டிய புத்தகமா, ஒன்றும் தெரியாது. மதிப்பெண் போட எனக்கு வழியே இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு அவளுக்கு நானே ஒரு முடிவை யோசித்தேன், பிடிக்கவில்லை, இன்னொன்று யோசித்தேன். மறுநாள் முழுசாக உள்ள ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.

உன் கட்டில் பக்கத்தில் மாதக்கணக்காக ஒரு தடிப் புத்தகம் இருக்கிறதே, அதை மூடி வைத்துவிடு. நல்ல புத்தகமாகவே இருக்கட்டும். இப்போது அது உனக்குக் கடன்காரன்போல நின்றுகொண்டிருக்கிறது. அதை முடிக்காமல் வேறொன்றைத் தொடக்கூடாது என்று நீயே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாய். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக், அவரும் ஆசிரியராக இருந்தவர்தான், 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகள் என்று ஒரு பட்டியல் எழுதினார். படிக்காமல் இருக்கும் உரிமைதான் அதில் முதலாவது. பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமை இரண்டாவது, முடிக்காமல் விடும் உரிமை மூன்றாவது. பிள்ளைகளைப் படிக்க வைக்கப் பாடுபட்ட ஒருவர் இப்படி எழுதியதில் எனக்கு அவர்மேல் ரொம்ப மரியாதை.

வருடத்துக்கு இத்தனை புத்தகம் என்று இலக்கு வைத்துக்கொள்வதும் எனக்குப் பிடிக்காது. எண்ணிக்கை வந்துவிட்டால் அதுவும் அலுவலகம்தான். போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுப் படி. சின்ன வயதில் நீ திரும்பத் திரும்பப் படித்த ஒன்றை எடு. என்ன நடக்கும் என்று தெரிந்த கதையில் அவசரமே இருக்காது, வாக்கியங்கள் காதில் விழ ஆரம்பிக்கும். உனக்கு அது அந்தத் தீவுக் கதைதான் என்று நினைக்கிறேன். எட்டு வயதில் சாப்பிடக் கூப்பிட்டால், "இன்னும் கரை சேரலம்மா" என்பாய்.

டார்வினைப் பற்றி இன்னொன்று சொல்ல விட்டுப்போய்விட்டது. கவிதை போனாலும் நாவல் அவருக்குப் போகவில்லை. வீட்டில் யாராவது சத்தமாகப் படித்துக்காட்டுவார்கள், அவர் கேட்பார். சோகமாக முடியும் நாவலுக்கு எதிராக ஒரு சட்டமே போட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நாவல் எழுதுகிறவர்களை அடிக்கடி மனசார வாழ்த்துவாராம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீ துணி மடி, படுத்துக்கொள், எது வேண்டுமானாலும் செய். ஒரு அத்தியாயம் நான் படிக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் நடுவிலேயே நிறுத்தச் சொல், வேறு எடுக்கலாம். எதைப் படிக்கலாம் என்று மட்டும் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடு, கண்ணு. நீ சொல்லவில்லை என்றால் அந்தத் தீவுக் கதைதான்.

அன்புடன்,
அம்மா