வின்னிபெக்கிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் மூவரும் சுகம். உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். மன்னியுங்கள்.

இங்கே கனடாவில் குளிர் மைனஸ் 30 வரை போய்விட்டது. வெளியே நிற்கும் கார்களுக்கு, எஞ்சின் சூடாக இருக்க, ராத்திரியெல்லாம் கரண்ட் கொடுத்து வைக்கிறார்கள், இல்லாவிட்டால் காலையில் கிளம்பாது. நான் வேலைக்கு நடந்துதான் போகிறேன், உடம்புக்கும் நல்லதுதானே.

பக்கத்து வீட்டு மெனோனைட் சபைப் பாட்டி போன சனிக்கிழமையும் ஸ்வீபாக் கொண்டுவந்தார். ஒரு பன்னின் தலைமேல் இன்னொரு குட்டி பன் உட்கார்ந்திருக்கும். உங்கள் பேரன் தம்பி, மேலே இருப்பதை மட்டும் பிய்த்துத் தின்பான். பாட்டியின் முன்னோர் 1874-இல் ருஷ்யாவிலிருந்து வந்த கூட்டம். பட்டாளத்துக்குப் போக மாட்டோம், வேதம் ஆயுதம் எடுக்கச் சொல்லவில்லை என்று நிற்கிறவர்கள்.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான், மறந்துவிட்டாயா" என்று கேட்டிருந்தீர்கள். மறக்கவில்லை அம்மா. குடும்ப ஜெபமும் விடவில்லை. எனக்கு இரவு வேலை என்பதால் சாயங்காலமே முடித்துவிடுகிறோம்.

சென்ற ஞாயிறு காணிக்கைக்கென்று கரடி போட்ட இரண்டு டாலர் காசு ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தேன். போட்டாச்சு என்றான். வீட்டில் அவன் கையுறையைக் காயப்போட உதறினால் காசு தரையில் விழுந்து ஓடுகிறது. கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். பிள்ளைமேல் பிரம்பு, பெல்ட் எதுவும் எடுக்கக் கூடாதென்று 2004-லேயே இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் என் கையை நிறுத்தியது அது இல்லை. "உனக்குத்தான் எடுத்து வச்சேன் அப்பா, பஸ்ஸுக்கு" என்றான். பிள்ளைகள் எதையோ கேட்டு எதையோ நினைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் ஒன்றும் யோசிக்க வேண்டாம்.

பொய் பொய்தான் என்று அவனுக்குச் சொன்னேன். இருவரும் முழங்கால்படியிட்டு ஜெபித்தோம். இந்த ஞாயிறு அவனே போய்ப் போட்டான். "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று எபேசியரிலும் இருக்கிறதே அம்மா. அப்பா என்னைப் பனை மட்டையால் அடித்தது ஒரே ஒரு தடவை. அன்று ராத்திரி அவரும் சாப்பிடாமல் திண்ணையிலேயே படுத்திருந்தார். அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கருப்பட்டி தீர்ந்துவிட்டது. நேற்று விடியற்காலை வேலை முடிந்து வந்து, டப்பாவில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக் காப்பி போட்டேன். வாசனை வந்ததும் குடிக்க முடியவில்லை. நம் கோயில் மணி, நீங்கள் அடுப்படியில் இருமுகிற சத்தம், எல்லாம் ஒரேயடியாக வந்துவிட்டது.

அப்புறம், பனைவிளை விஷயம். சித்தப்பா நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தானா என்று மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள், வில்லங்கமும் போட்டுப் பார்க்கட்டும். கோயில் அசன விருந்துக்கு நம் பங்கு அரிசிப் பணத்தை அடுத்த மாதம் அனுப்புகிறேன். அதுவரை கடையில் சொல்லி வையுங்கள். தங்கச்சியைப் பிரசவத்துக்கு எப்போது அழைத்து வருகிறீர்கள்? மழைக்கு முன்னால் பின்கட்டு ஓடுகளை மாற்றிவிடுங்கள், அவள் அங்கேதான் படுப்பாள்.

அன்பு மகன்

பி.கு.: கருப்பட்டி அனுப்ப வேண்டாம், கூரியர் செலவு அதிகம்.